புதைத்த பெட்டியும் எழுதிய திரைக்கதையும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்த நம் முன்னோர் நாடகத்தை இறுதியில் வைத்தமை அதன் சிறுமை கருதியன்று. ஏனைய இரண்டையும் தன்னுள் அடக்கி நிற்கும் அதன் பெருமை கருதியே எனலாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே அரங்கின் அமைப்பைக் கூறவந்த இளங்கோவடிகள், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் குறிப்பிடுகின்றார். அன்றைய திரை ஆடுவோரை மறைத்துவைத்துத் தக்க வேளையிற் காட்டுவதற்குப் பயன்பட்டது. இன்றைய திரையோ ஆடுவோர் அவ்விடத்து இல்லாதபோதும் அவரைக் காட்டவல்லது. இல்லாதவரைக் காட்டும் இவ்வாற்றல் நம் வன்னி மக்களுக்கு எத்துணை நெருக்கமானது என்பதை யான் விரித்துக் கூறவேண்டியதில்லை.

விழா மலர்க் குழுவினர் கட்டுரையொன்று தருமாறு கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து புணரியலையோ திருக்குறளையோ எதிர்பார்த்திருப்பர். எனினும், நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் கூடிச் சென்ற ஆண்டு உருவாக்கிய 18 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதும் பேறு எனக்குக் கிட்டியது. அப்படம் முற்றுப்பெற்றுச் சில திங்களே ஆகின்றன. எந்நிறுவனத்தையும் சாராது, எவரிடமும் ஊதியம் பெறாது செய்த முயற்சி அது. அதன் வழியாக யான் கண்டவற்றைப் பழைய மாணவரோடும், இன்று கற்கும் செல்வங்களோடும், உடன் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களோடும் பகிர்ந்துகொள்வது விழாவுக்கு ஏற்றதென எண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

குறும்படம் என்றவுடன், பெரும்படம் எடுக்க வசதியற்றோர் பழகிப் பார்க்கும் விளையாட்டு எனக் கருதுவார் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டிய பத்துப் படங்களும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. தொழிற்சாலை வாயிலிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சி அவற்றுள் ஒன்று. சினிமா பிறந்தபோது குறும்படமாகவே பிறந்தது. நீளம் பின்னர் வந்து சேர்ந்தது. வங்கத்து மேதை சத்யஜித் ராய் புகழின் உச்சியில் இருந்த காலத்திலேயே, 1964இல், 'இருவர்' எனப் பொருள்படும் தலைப்பில் உரையாடலே இல்லாத குறும்படம் ஒன்றை எடுத்தார். மாளிகைச் சிறுவன் ஒருவனும் குடிசைச் சிறுவன் ஒருவனும் தத்தம் விளையாட்டுப் பொருள்களைக் காட்டிப் போட்டியிடுவதே அதன் கதை. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து தமிழகத்திற் பெயர் நாட்டிய பாலு மகேந்திராவும், பெரும்படங்கள் பல எடுத்த பின்னரே, 'கதை நேரம்' என்னும் வரிசையிலே தமிழ்ச் சிறுகதைகளைச் சிறு படங்களாக்கித் தொலைக்காட்சியிற் காட்டினார். சிறுகதை நாவலின் குறைப்பிரசவம் அன்று, குறும்படமும் அவ்வாறே.

நம் நாட்டுத் தமிழ்ப் படங்களின் கதை இடர் நிறைந்தது. 1962இல் 'சமுதாயம்' என்ற படம் 16 மில்லிமீற்றர்ச் சுருளில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி' வந்தது. 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா அவர்கள் தயாரித்த 'குத்துவிளக்கு' யாழ்ப்பாணத்து மண்ணையும் பேச்சையும் திரைக்குக் கொண்டுவந்தது. 1977இல் காவலூர் இராசதுரை அவர்கள் எழுத, சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜா 'பொன்மணி'யை உருவாக்கினார். அடுத்த ஆண்டு செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' அதே பெயரிற் படமாயிற்று. இந்தியப் படங்களின் பெருவெள்ளத்துக்கு எதிரே இவை சிறு ஓடங்களாகவே நின்றன. 1983 யூலை வன்செயலின்போது ஹெந்தளை விஜயா கலையகம் தீக்கிரையாயிற்று. கலையகமும் சுருளும் சந்தையும் வேண்டியிருந்த காலத்தில், அவற்றை இழந்த கலை எழுந்து நிற்பது எளிதன்று.

இவ்வரலாற்றில் வன்னிப் பெருநிலப்பரப்பின் இடம் யாது? எழுத்திலே நமக்குக் குறையில்லை. அ. பாலமனோகரன் அவர்களின் 'நிலக்கிளி' 1973இல் வெளிவந்து தண்ணிமுறிப்பின் காட்டையும் குளத்தையும் நாடறியச் செய்தது. ஆட்டத்திலும் குறையில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலும் முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் நம் முதுசங்கள். ஆயினும் கமராவுக்கு முன் நாம் நின்றது பெரும்பாலும் பிறர் எம்மைப் படம் பிடிக்க வந்தபோதுதான். செய்தியாளர் வந்தனர், தொண்டு நிறுவனத்தார் வந்தனர், கூரைத்தகடு பெறும்போதும் கிணறு திறக்கும்போதும் படம் எடுத்தனர். அப்படங்களில் எம்மவர் ஒன்றில் பெற்றுக்கொண்டிருப்பர், இன்றேல் அழுதுகொண்டிருப்பர்.

படம் பார்த்தல் என்பது எம் தலைமுறைக்கு ஒரு திருவிழா. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, தொலைக்காட்சிப் பெட்டியைப் புளியமரத்தின் கீழ் மேசைமேல் வைத்து, ஊரே பாய் விரித்துப் பார்க்கும். இயந்திரம் இடையில் நின்றுவிட்டால், கதையின் எஞ்சிய பகுதியை முன்னரே பார்த்தவர் எழுந்து சொல்லி முடிப்பார். அவர் சொன்ன முடிவு சில வேளைகளில் உண்மையான முடிவினும் நன்றாயிருந்தது. திரைக்கதை என்பதன் முதற் பாடத்தை யான் அங்கேதான் கற்றேன் போலும்.

இனி எம் படத்தின் பொருளுக்கு வருவேன். 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது யான் மாணவன். 2008இன் பிற்பகுதியில் மீண்டும் பெயர்ந்தபோது யான் ஆசிரியன். இரு முறையும் நம் மக்கள் ஒரே காரியத்தைச் செய்தனர். கொண்டுபோகக்கூடிய கூரைத்தகடு, கதவு, யன்னல் முதலியவற்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினர். கொண்டுபோக முடியாதவற்றை வளவுக்குள் தாட்டனர். தையல் இயந்திரம், பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பாத்திரம், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணப் படம் ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் இட்டு, பொலித்தீனாற் சுற்றி, கிணற்றிலிருந்து இத்தனை அடி, முருங்கையிலிருந்து இத்தனை கவடு என மனத்திற் குறித்துக்கொண்டு சென்றனர். செட்டிகுளத்து முகாமிலிருந்து 2010ஐ ஒட்டிய காலத்தில் திரும்பி வந்தபோது முருங்கை இல்லை, வேலி இல்லை, சிலருக்குக் கிணறும் தூர்ந்திருந்தது. மிதிவெடி அகற்றும் பணி முடியும்வரை சிலர் தம் வளவின் எல்லையில் நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. முகமாலைப் பக்கத்தில் அப்பணி போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் நீடித்ததை யாவரும் அறிவர்.

மூதாட்டி ஒருத்தியும் அவள் பேர்த்தியும் திரும்பி வந்து தம் பெட்டியைத் தேடி மண்ணைக் கிண்டுகின்றனர். இதுவே எம் கதை. அப்பெட்டியுள் இருப்பவற்றுள் ஒன்று மூதாட்டியின் மகனுடைய படம். அம்மகன் திரும்பவில்லை. அவன் எங்கே என்று படத்தில் எவரும் கூறுவதில்லை. கூற எவருக்கும் தெரியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தைக் கண்டவர்கள், ஒரு தாயின் கையில் ஒரு படம் இருப்பதன் பொருளை அறிவர். வீட்டில் மகனின் படம் ஒன்றேனும் எஞ்சாத தாய்மாரும் நம்மிடையே உளர் என்பதே எம்மை இக்கதையை எழுதத் தூண்டியது.

திரைக்கதை எழுதுதல் கட்டுரை எழுதுவது போன்றதன்று. காண்பனவும் கேட்பனவுமே அதில் எழுதற்குரியன. 'அவள் நம்பிக்கை இழந்தாள்' என்று கட்டுரையில் எழுதிவிட்டுப் புள்ளியிடலாம். திரைக்கதையில் அவ்வரி செல்லாக்காசு. நம்பிக்கை இழந்தவள் என்ன செய்வாள் என்று கேட்கவேண்டும். நெடுநாள் சிந்தித்தபின் இவ்வாறு எழுதினேன்: நண்பகல், வேலை நேரம் இன்னும் இருக்கின்றது, அவள் மண்வெட்டியைக் கழுவிச் சுவரிற் சாத்துகின்றாள். அவ்வளவே. வன்னியில் வாழ்ந்த எவருக்கும், நண்பகலிற் கழுவப்பட்ட மண்வெட்டி இன்னதென விளங்கும். உள்ளத்தில் நிகழ்வதை உடலின் வழியே புறத்தார்க்குப் புலப்படுத்துவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். இரண்டாயிரம் ஆண்டு மரபுடைய அவ்வியல் திரைக்கதை எழுதுவோனுக்கு இத்துணை உதவும் என்பதைக் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் அதனைப் படித்தபோது யான் நினைத்ததில்லை. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. எனது முதற்படி 41 பக்கம். பதினெட்டில் வந்து நின்றது.

மொழியைப் பற்றியும் சில கூறவேண்டும். வகுப்பறையிற் செந்தமிழ் கற்பிப்பவன் படத்திற் கொச்சை எழுதலாமா என்று நண்பர் ஒருவர் வினவினார். பேச்சுத் தமிழ் கொச்சையன்று; அதற்கும் இலக்கணம் உண்டு. 'தாழ்த்தோம்' என்பதைத் 'தாட்டனாங்கள்' என்று நம் மூதாட்டி கூறும்போது, அச்சொல்லில் மண்ணின் எடை இருக்கின்றது. அதனைப் 'புதைத்தோம்' என்று மாற்றினால் அவள் வாய் வேறொருத்தியின் வாயாகிவிடும். 'குத்துவிளக்கு', 'பொன்மணி' ஆகிய படங்களை ஆக்கியோர் யாழ்ப்பாணப் பேச்சைத் துணிந்து கையாண்டமை எமக்கு வழிகாட்டியது. ஆயினும் வன்னிப் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சின் நிழலன்று. பழைய ஊர்களின் வழக்கும், குடியேற்றத் திட்டங்களில் வந்தோர் வழக்கும், மலையகத்திலிருந்து வந்து நிலைத்தோர் வழக்கும் இங்கே கலந்து ஓடுகின்றன. ஆகையால் உரையாடலை எழுதி முடித்தபின் அதனை ஊரவர் சிலருக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் சிரித்த இடங்களிற் சொல்லை மாற்றினேன். சிரிக்கவேண்டிய இடத்தில் அவர்கள் சிரித்தபோது மகிழ்ந்தேன்.

பொருள் திரட்டுதல் அடுத்த படி. 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்து முடிக்கச் சத்யஜித் ராயின் மனைவியார் தம் நகைகளை ஈடு வைத்தார் என்பது உலகறிந்த செய்தி. எமக்கு அத்துணை தொகை தேவைப்படவில்லை. இக்காலத்திற் கைத்தொலைபேசியே கமரா. அமெரிக்காவில் 2015இல் வெளிவந்த 'டாங்கரின்' என்னும் படம் ஐபோனாலேயே எடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் நெறியாளர் மதிசுதா அவர்கள் கைத்தொலைபேசி கொண்டு 'வெந்து தணிந்தது காடு' என்னும் முழுநீளப் படத்தை எடுத்துக் காட்டினார். எனினும் உணவு, போக்குவரத்து, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எனச் செலவு வந்துகொண்டே இருக்கும்.

இந்நிலையிற் புலம்பெயர் நாடொன்றில் வாழும் அன்பர் ஒருவர் மூன்று இலட்சம் ரூபா தருவதாகச் செய்தி அனுப்பினார். திரைக்கதையையும் படித்தார். அவர் விரும்பிய திருத்தங்கள் இரண்டு. தொடக்கத்திற் செல் விழும் ஓசையும் ஓடும் மக்களும் வேண்டும். முடிவில் மூதாட்டி மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்துக் கதறவேண்டும். 'கண்ணீர் இருந்தாற்றான் இங்கே எடுபடும்' என்பது அவர் கருத்து. அவரது நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. தொலைவில் இருப்பவருக்குத் துயரம் உரத்த குரலிலேயே கேட்கும் போலும். நெறியாளராகிய என் பழைய மாணவர் அன்றிரவு என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், மூண்டு இலட்சம் எண்டால் நல்ல கமராவே வாடகைக்கு எடுக்கலாம். என்ன செய்வம்?" என்றார்.

"தம்பி, அந்தக் கமராவாலை எதைப் படம் பிடிக்கப் போறம்? அதை முதல்லை சொல்லும்" என்றேன்.

நெடுநேரம் பேசினோம். மறுநாள் அன்பருக்கு நன்றி கூறி, அத்தொகையை ஏற்க இயலாமையைப் பணிவுடன் எழுதினோம். அவரோடு படித்த பழைய மாணவர் பதினொருவர், உள்ளூரிலும் வெளியூரிலும் இருப்போர், ஆயிரம் ஐயாயிரமாகச் சேர்த்துத் தந்தனர். திருமணப் படம் எடுக்கும் நிலையம் வைத்திருக்கும் ஒருவர் கமராவையும் கணினியையும் இரவலாகத் தந்தார். மொத்தச் செலவு ஒரு இலட்சத்து முப்பத்தெண்ணாயிரம் ரூபா. கடனில்லை.

படப்பிடிப்பு நான்கு நாள், இரண்டு வார இறுதிகளில். மிதிவெடி அகற்றப்பட்டு மக்கள் குடியேறிய காணியொன்றையே தேர்ந்தோம். வன்னியின் நண்பகல் வெயில் முகத்தைத் தட்டையாக்கி, கண்ணைக் குழியாக்கிவிடும். ஆகையாற் காலை ஆறு முதல் ஒன்பதுவரையும், பிற்பகல் நான்குக்குப் பின்னும் வேலை. அமைதி வேண்டிய காட்சியில் அயல் வயலில் உழவு இயந்திரம் இரையும். அது நின்றாற் கோயில் ஒலிபெருக்கி தொடங்கும். அதுவும் ஓய்ந்தால் மயில் அகவும். மயிலை மட்டும் நெறியாளர் வைத்துக்கொண்டார். திருமண நிலையத்து இளைஞர், ட்ரோன் பறக்கவிட்டு வானத்திலிருந்து ஒரு காட்சி எடுப்போம் என்று நாள்தோறும் கேட்டார். பெட்டியைத் தேடுவோர் நிலத்தைப் பார்க்கின்றனர்; கமராவும் நிலத்தைப் பார்க்கட்டும் என்றார் நெறியாளர்.

மூதாட்டியாக நடித்தவர் நடிகையல்லர். அவ்வூரில் வாழும் முதியவர். அவரது வீட்டிலும் திரும்பாத ஒருவர் உண்டு. அவரது பெயரை இங்கு எழுதவில்லை. எழுதுவதை அவர் விரும்பார். மூன்றாம் நாள், மகனின் பெயரைப் பேர்த்தி தற்செயலாகச் சொல்லும் காட்சி. 'மூதாட்டியின் கண் கலங்குகின்றது' என்பது திரைக்கதையில் இருந்த குறிப்பு. ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில் அவர் என்னை அழைத்தார்.

"மாஸ்ரர், என்னை அழச் சொல்லாதையுங்கோ. அழுகிறது நான் வீட்டுக்குள்ளை அழுதிட்டன். உதுக்கு முன்னாலை அழமாட்டன்" என்று கமராவைக் காட்டிக் கூறினார்.

"சரியம்மா. அந்த நேரம் நீங்கள் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது? பிள்ளை பசியோடை நிக்குது. போய்ச் சாப்பிடு எண்டு சொல்லுவன்."

அவ்வாறே எடுத்தோம். பேர்த்தி பெயரைச் சொல்கின்றாள். மூதாட்டி சிறிது நேரம் மண்ணைப் பார்த்துவிட்டு, 'போய்ச் சாப்பிடு மோனை' என்கின்றார். அதன்பின் அங்கு நின்றவர் எவரும் நெடுநேரம் பேசவில்லை. அன்று தொல்காப்பியம் மீண்டும் என் நினைவுக்கு வந்தது. இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என்னும் நான்கும் பற்றி அழுகை பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல். நான்கும் அவ்வம்மையாரிடம் நிறைவாக இருந்தன. பெருமிதத்துக்கு உரியனவாக அதே இயல் கூறுவன கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. பள்ளிக்கு நெடுநாட் செல்லாத அம்மையாரிடம் தறுகண்மை இருந்தது. தம் துயரை மறைத்துப் பிள்ளையின் பசியை நினைத்த கொடை இருந்தது. அழுகை தோன்றுதற்கு எல்லாக் காரணமும் இருந்தும் பெருமிதம் தோன்றிய இடம் அது. மூன்று இலட்சம் ரூபாவுக்கு நாம் விற்கவிருந்தது எதனை என்பதை நெறியாளரும் யானும் ஒருவரையொருவர் பார்த்து அறிந்துகொண்டோம்.

முடிவு பற்றிய வழக்கு இறுதிவரை தீரவில்லை. பெட்டி கிடைக்கவேண்டும் என்றனர் சிலர். மக்கள் மகிழ்ச்சியோடு வீடு செல்லட்டும் என்பது அவர்கள் வாதம். கிடைக்கக்கூடாது என்றனர் வேறு சிலர். கலைப்படம் என்றால் அவ்வாறே இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அம்மையாரிடம் கேட்டோம். அவர் தம் பெட்டியை உண்மையிலேயே கண்டெடுத்தவர்.

"கிடைச்சது மாஸ்ரர். உறுதி, சேட்டிபிக்கற், படம் எல்லாம் கூழாப் போச்சுது. விளக்கு மட்டும் புளி போட்டு மினுக்க வந்திட்டுது."

பின்னர், காட்சிகளுக்காகக் கிண்டப்பட்டிருந்த ஏழு கிடங்குகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிண்டின கிடங்கைச் சும்மா விடப்படாது. பிள்ளை வைக்கலாம்" என்றார்.

தென்னங்கன்றைப் பிள்ளை என்பது நம் வழக்கு. அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே என் செவியில் விழுந்தன. அவர் எப்பொருளை எண்ணிக் கூறினார் என்று யான் கேட்கவில்லை. கேட்பது முறையன்று. படத்தின் முடிவு அன்றே அமைந்தது. பெட்டி கிடைத்ததா இல்லையா என்று நாம் கூறுவதில்லை. பேர்த்தி பள்ளிச் சீருடையோடு வந்து நிற்கின்றாள். ஏழு கிடங்கிலும் ஏழு தென்னம்பிள்ளைகள். மூதாட்டி ஒவ்வொன்றுக்கும் வாளியால் நீர் வார்க்கின்றார். உரையாடல் இல்லை. எடுத்து முடித்தபின் காணிக்காரர் அப்பிள்ளைகளைப் பிடுங்க வேண்டாம் என்றார். இன்று அவை இடுப்பளவு நிற்கின்றன.

படத்தொகுப்பு திருமண நிலையத்தின் கணினியில், அவர்கள் வேலை முடிந்தபின் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். ஒரு பக்கத்தில் மணமக்கள் மாலை மாற்றுவர். மறு பக்கத்தில் எம் மூதாட்டி மண் கிண்டுவார். அங்கே யான் எழுதிய காட்சிகள் பல நீங்கின. பேர்த்தி மகனைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று யான் மிக விரும்பி எழுதியது. அது முழுதும் நீங்கிற்று. அதனை நெறியாளர் என் முன்னிலையிலேயே நீக்கிக் காட்டி, "சேர், இது இல்லாமலே விளங்குது" என்றார். விளங்கத்தான் செய்தது. வீடு கட்டும்போது கட்டும் சாரம் போன்றது திரைக்கதை. சாரமின்றிச் சுவர் எழாது. சுவர் எழுந்தபின் சாரம் நிற்கலாகாது. கட்டியவன் சாரத்தின்மேற் கொண்ட பற்றுக்காக வீட்டுக்காரன் அதனை முற்றத்தில் விட்டுவைப்பதில்லை.

படத்தை முதலிற் காட்டியது படமாளிகையிலன்று. எடுத்த ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில். வெள்ளைச் சேலை திரையாயிற்று. அம்மையார் முன்வரிசையில் அமர்ந்து, தம் உருவைக் கண்டு ஒரு முறை மட்டும் புன்னகைத்தார். படம் முடிந்ததும் கைதட்டல் எழவில்லை. சிறிது நேரம் கழிந்தபின் பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர், "எங்கட பெட்டி கிணத்துக்கு மேற்காலை தாட்டது, இன்னும் எடுபடேல்லை" என்றார். இன்னொருவர் தாம் தாட்டது இரட்டைவாய்க்காற் பக்கம் என்றார். ஒரு பெண் தம் தையல் இயந்திரத்தைப் பற்றிக் கூறினார். பத்து மணிவரை ஊர் பேசிக்கொண்டிருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகள் தம் பெற்றோர் வாயிலிருந்து இக்கதைகளை முதன்முறையாகக் கேட்டனர். வீட்டில் ஏன் இவற்றைச் சொல்லவில்லை என்று ஒரு மாணவி தன் தாயைக் கேட்டதும், தாய், "நீ கேக்கேல்லையே" என்றதும் என் செவியில் விழுந்தன. விருதுக்கும் விழாவுக்கும் படத்தை அனுப்பியுள்ளோம், கிடைப்பின் மகிழ்வோம். ஆயினும் எழுதியதன் பயன் அன்றிரவே எனக்குக் கிடைத்துவிட்டது.

முற்றுப்பெற்ற படைப்பைப் படைத்தவன் பார்க்கும்போது ஒருவகை வெறுமை தோன்றும் என்பர். எனக்குத் தோன்றியது வெறுமையன்று. மகளை மணம் முடித்து அனுப்பிய வீட்டின் அமைதி போன்ற ஒன்று. கவிதை எழுதினால் அது என் கவிதை. திரைக்கதை எழுதினால், அதனை நெறியாளர் கண்ணால் எழுதுகின்றார். நடிப்பவர் உடலால் எழுதுகின்றார். தொகுப்பவர் கத்தரியால் எழுதுகின்றார். இறுதியிற் பார்ப்பவர் தம் நினைவால் எழுதி முடிக்கின்றார். முதலில் எழுதியவன் பெயர் திரையில் மூன்று விநாடி தோன்றி மறையும். ஆசிரியத் தொழிலும் இவ்வாறானதே. ஆகையாற் போலும் இவ்வேலை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

இறுதியாகச் சில விண்ணப்பங்கள். மாணவச் செல்வங்களே! உங்கள் கையில் இருக்கும் தொலைபேசி, சத்யஜித் ராயின் முதற் கமரா செய்யாத பலவற்றைச் செய்யும். ஆனால் அது கேள்வி கேட்காது. கேள்வி கேட்பது உங்கள் கடன். உங்கள் பாட்டியிடம் சென்று, எதை எங்கே தாட்டீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பின்னர் படமெடுக்கலாம். ஆசிரிய நண்பர்களே! மெய்ப்பாட்டியலைப் பரீட்சைக்கு மட்டும் கற்பிக்காது, ஒரு படத்தைக் காட்டிக் கற்பித்துப் பாருங்கள். பின்வரிசை மாணவன் முன்வரிசைக்கு வருவான். பழைய மாணவர்களே! கட்டடமும் தளபாடமும் தருகின்றீர்கள், நன்று. ஆண்டுதோறும் மாணவர் குழுவொன்று ஒரு சிறு படம் எடுக்கத்தக்க தொகையையும், ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் கல்லூரிக்கு வழங்கினால், நம் ஊரின் நினைவு நம் கையிலேயே இருக்கும். என்ன படம் எடுக்கவேண்டும் என்று மட்டும் அவர்களுக்குக் கட்டளையிடாதீர்கள்.

பலமுறை பெயர்ந்தும் பலமுறை மீண்டும் மணியடித்த நம் கல்லூரித் தாய் இவ்விழாவைக் காண்பது நம் அனைவருக்கும் பெருமை. அவள் புகழ் ஓங்குக! அவள் மடியிற் கற்போர் தம் கதையைத் தாமே சொல்லும் ஆற்றல் பெறுக!